பதினோரு மணி மோட்டார்

பதினொன்று ஆக ஆறு நிமிடம் இருந்தது. டைலர் கத்தரியை எடுத்தான், வைத்தான். மேசைமேல் ஒரு கால்சட்டைத் துணி விரிந்து கிடந்தது. கோடு போட்டு அரை மணி நேரம் ஆகிவிட்டது. வெட்டத்தான் கை வரவில்லை. அந்த வாரத்தில் இரண்டு துணிகளைத் தப்பாக வெட்டியிருந்தான். இரண்டும் பதினோரு மணிக்கு வெட்டியவை.

பின்னறையில் அவன் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று மாதமாக இரவு வேலை. காலை எட்டரைக்கு வருவாள், குளிப்பாள், இரண்டு ரொட்டித் துண்டுகளைத் தேநீரில் தோய்த்துத் தின்பாள். ஒன்பதரைக்குப் படுத்தால் பத்தேகாலுக்குக் கண் அசரும். தூக்கம் ஆழப்போகிற நேரம் பதினொன்று.

பதினொன்றுக்குப் பின்கட்டில் அண்ணி கிணற்று மோட்டாரைப் போட்டாள்.

முதலில் ஒரு உறுமல். அடுத்த நொடி சுவர் நடுங்கியது. மேசைமேல் இருந்த குண்டூசி டப்பா ஓரத்தை நோக்கி நகர ஆரம்பித்தது. டைலர் அதைப் பிடித்து நடுவில் வைத்தான். அது மறுபடியும் நகர்ந்தது.

பின்னறைக் கதவு திறந்தது.

"தூங்கலையா?"

"எங்க தூங்க விடுது? நான் கண்ணை மூடுறேன், அது வாயைத் திறக்குது."

அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. முகத்தில் தலையணை மடிப்பின் கோடுகூட விழவில்லை.

"காதுல பஞ்சு வச்சியா?"

"வச்சேன். காது வழியா வந்தாத்தானே பஞ்சு கேக்கும்? இது கட்டில் வழியா வருது. தலகாணியில தலையை வச்சா மண்டைக்குள்ள மாவு மில்லு ஓடுது."

"கட்டிலைத் தூக்கி இங்க போட்டுடலாமா?"

"வாசல்லயா? அளவு குடுக்க வர்றவங்க நடுவுல நான் வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடக்கணுமா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தன் வலது கையை மடியில் வைத்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நாளாக இந்தப் பழக்கம் வந்திருந்தது.

பத்து நாளைக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் அவள் பதினோராம் கட்டிலுக்கு உரிய மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போனாள். அதில் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்த ஒரு பெண். கையைத் துடைத்தாயிற்று, ஊசியைத் தோல்மேல் வைத்தாயிற்று. கட்டிலில் தொங்கிய அட்டையை ஏன் அப்போது நிமிர்ந்து பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. பார்த்தாள். ஊசியை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து புருஷனிடம் மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு, ஒருத்தருக்கும் மூச்சு விடக் கூடாது என்று அவன் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

"திங்கக்கிழமை புது டூட்டிப் பட்டியல் போடுறாங்க," என்றாள் இப்போது. "எனக்கு இன்னும் மூணு மாசம் ராத்திரிதான். திங்களுக்குள்ள தூக்கம் சரியாகலன்னா வேலையை எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்."

"பதினாலு வருஷ வேலை."

"அதனாலதான். கெட்ட பேரோட வெளிய வர வேணாம்."

இன்றைக்குச் செவ்வாய். டைலர் விரல்விட்டு எண்ணவில்லை. அவன் முகம் எண்ணியது.

அது அப்பா கட்டிய வீடு. நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். இந்தப் பாதி டைலருக்கு. முன்னறை தெருவைப் பார்த்த தையற்கடை, பின்னறை படுக்கை. அந்தப் பாதி அண்ணனுக்கு. பின்கட்டும் கிணறும் மோட்டாரும் பொது. அண்ணன் மூன்று சக்கர வண்டியில் தங்கும் விடுதிகளுக்குப் போய் அழுக்கு விரிப்புகளையும் துண்டுகளையும் மூட்டை மூட்டையாக அள்ளி வருவான். துவைத்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பான். துவைப்பது அண்ணி. இரண்டு பெரிய துவைக்கும் மிஷின், ஒரு துவைகல், எட்டு வரிசைக் கொடி. இவ்வளவுக்கும் ஒருத்தி.

காலை ஆறு மணிக்கு மோட்டார் முக்கால் மணி நேரம் ஓடும். அதோடு கிணறு தரை தட்டிவிடும். ஊற்று மறுபடி ஏற நாலைந்து மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் பதினொன்று. அதைத் தள்ளிப்போட்டால் காலையில் ஊறிய விரிப்பெல்லாம் சோப்புத் தண்ணீரிலேயே கிடந்து வெயில் போய்விடும். இது டைலருக்குத் தெரியாததல்ல. அண்ணியிடம் நேரத்தை மாற்றச் சொல்ல வாயில்லை. சத்தத்தைத்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

அன்று சாயங்காலம் பின்கட்டுக்குப் போய் மோட்டாரைக் குனிந்து பார்த்தான். கிணற்றடியில் ஒரு சிமெண்டு மேடை. அதன்மேல் பச்சை பெயின்ட் உரிந்த மோட்டார், நான்கு போல்ட்டுகள். அதிலிருந்து கிளம்பிய இரும்புக் குழாய் பின்னறைச் சுவரோடு ஒட்டி ஏறி மாடித் தொட்டிக்குப் போயிற்று.

"என்ன கொழுந்தனாரே, மோட்டாரைச் சுத்திச் சுத்தி வர்றீங்க? பொண்ணு பாக்க வந்த மாதிரி?"

அண்ணி கொடியிலிருந்து விரிப்புகளை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்காது. வாயும் நிற்காது.

"சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு அண்ணி."

"மோட்டார்னா சத்தம் போடும். வாயே திறக்காம வேலை பாக்கறதுக்கு அது என்ன உங்க அண்ணனா?"

"இல்ல அண்ணி, அவ ராத்திரி பூரா நின்னுட்டு வர்றா. பகல்லயாவது கொஞ்சம்…"

"அவ ராத்திரி நிக்கறா, நான் பகல் பூரா குனியறேன். நின்னா கால்தான் வலிக்கும். குனிஞ்சா என்னென்ன வலிக்கும்னு ஒருநாள் வந்து கேக்கச் சொல்லுங்க, நர்ஸ் அம்மாவை."

"நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல அண்ணி."

"நானும் தப்பாச் சொல்லல. உங்க தையல் மிஷின் சத்தம் மட்டும் அவளுக்குத் தாலாட்டாக்கும்?"

"அது முன்னறையில இருக்கு."

"அப்ப மோட்டாரையும் தூக்கி முன்னறையில வச்சுக்குங்க. கிணத்தையும் சேர்த்து."

பன்னிரண்டாம் கட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவனுக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்தது. சத்தியம் செய்த கையை இன்னொரு கையால் பிசைந்துகொண்டு நின்றான்.

"ரப்பர் வச்சுப் பாக்கட்டுமா?"

"வைங்க. ஆறு மணிக்குத் தண்ணி வரணும். அவ்வளவுதான் எனக்கு."

சைக்கிள் கடையில் பழைய டயர் ஒன்று கிடைத்தது. நாலு துண்டு வெட்டினான். போல்ட்டுகளைக் கழற்றி, மோட்டாரை நெம்பித் தூக்கி, நாலு காலுக்கும் அடியில் ரப்பரை வைத்தான். மறுபடி முடுக்கினான். பற்களைக் கடித்துக்கொண்டு, ஸ்பேனர் கைக்குள் பதிகிற வரைக்கும் முடுக்கினான். தளர்ந்த தையல் பிரியும் என்பதுதான் அவன் கற்ற பாடம்.

புதன்கிழமை பதினொன்றுக்குச் சுவர் முன்பைப் போலவே நடுங்கியது. கதவு திறந்தது. அவள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அன்று மத்தியானம் அவன் சோற்றில் கை வைத்தபடியே எழுந்துவிட்டான். பரண்மேல் ஒரு சாக்கு நிறையத் துண்டுத் துணி இருந்தது. குளிர்கோட்டுக்கு உள்ளே வைக்கிற கனத்த கம்பளிப் பட்டையும் இரண்டு கெஜம் கிடந்தது. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனான். மோட்டாருக்கு மார்பளவு எடுத்தான். இடுப்பளவு எடுத்தான். முதுகின் உயரம், மூக்கின் நீளம், எல்லாம் குறித்துக்கொண்டான். உள்ளே கம்பளி, நடுவே பஞ்சு, வெளியே கெட்டித் துணி. மூன்றையும் சேர்த்துக் கட்டம் கட்டமாகத் தைத்தான். மூக்குப் பக்கம் குழாய்க்கு வட்டமாக வெட்டி ஓரம் மடித்தான். முதுகில் ஆறு பட்டன். இருட்டுமுன் போட்டுப் பார்த்தான். கச்சிதம். ஒரு சுருக்கம் இல்லை.

அண்ணி துண்டுக் குவியலின்மேல் உட்கார்ந்து சிரித்தாள். மூச்சு முட்டிற்று அவளுக்கு.

"காலர் வைக்கலையா கொழுந்தனாரே?"

"சிரிங்க, சிரிங்க."

"ஒரு பாக்கெட்டாவது வச்சிருக்கலாம். சீப்பு வச்சுக்கும்."

"சத்தம் குறையுதா இல்லையான்னு மட்டும் நாளைக்குச் சொல்லுங்க."

"குறையாட்டி என்ன, கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போகலாம். உங்க அண்ணன்கூட இவ்வளவு எடுப்பாச் சட்டை போட்டதில்ல."

வியாழக்கிழமை காலை ஆறு மணி ஓட்டம் முடிந்த பிறகு மோட்டாருக்குச் சட்டையை மாட்டினான். பதினொன்றுக்கு உறுமல் வந்தது. ஆனால் அதன் கூர்மை போயிருந்தது. வெறும் ரீங்காரம். குண்டூசி டப்பா நகர்ந்ததுதான், மெல்ல நகர்ந்தது. டைலர் பின்னறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கதவு திறக்கவில்லை. கத்தரியை எடுத்தான். நேராக வெட்டினான்.

பாதி வெட்டியபோது கருகல் வாசனை வந்தது. துணி தீய்கிறது என்று பதறி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தான். அது குளிர்ந்து கிடந்தது. அதற்குள் அண்ணியின் குரல் வந்துவிட்டது.

"ஐயோ, எரியுது! வாங்களேன் யாராச்சும்!"

அவன் ஓடினான். சட்டைக்குள்ளிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அண்ணி சுவிட்சை அணைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். பட்டனைக் கழற்றக் கை சுட்டது. ஒரு துண்டால் பிடித்து மொத்தமாகக் கிழித்தெடுத்தான். உள்கம்பளி கறுத்திருந்தது. மோட்டார் தொட முடியாமல் கொதித்தது. மறுபடி சுவிட்ச் போட்டால் ஒரு முனகல்கூட இல்லை.

"நூத்திருபது விரிப்பு சோப்புல கிடக்கு," என்றாள் அண்ணி. இப்போது கேலி இல்லை. "நாளைக்கு ரெண்டு விடுதிக்குப் போயாகணும். நான் என்ன செய்யட்டும்? சொல்லுங்க."

"நான்தான் அண்ணி கெடுத்தேன். நானே சரி பண்ணித் தர்றேன்."

"நீங்க கெடுக்கல. உங்களைக் கெடுக்க வச்சவங்க இருக்காங்க."

பின்னறையின் பின்கட்டுக் கதவருகில் அவன் மனைவி நின்றிருந்தாள். அவிழ்ந்த தலை. தூக்கம் பாதியில் அறுந்த முகம்.

அண்ணி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "இப்பச் சத்தமே இல்லம்மா. போய் நல்லாத் தூங்கு."

நர்ஸ் உள்ளே போனாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். ஆனால் அது எல்லாருக்கும் கேட்டது.

மோட்டாரைச் சைக்கிள் பின்னால் கட்டித் தள்ளிக்கொண்டு போனான் டைலர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு குறுகிய கடை. உள்ளே செம்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவில் ஒரு பெரியவர். எல்லாரும் அவரைக் காயில்காரர் என்பார்கள். அவர் மோட்டாரைத் திறக்கவில்லை. மோந்து பார்த்தார்.

"யாரு இதுக்கு ஸ்வெட்டர் போட்டது?"

"எப்படித் தெரியும்?"

"கம்பளி தீஞ்ச வாசனை வருதே." முதுகுப் பக்கத்து மூடியைக் காட்டினார். "உள்ள ஒரு காத்தாடி இருக்கு. இந்த ஓட்டை வழியாக் காத்தை இழுத்துத்தான் தன்னைத்தானே குளுர வச்சுக்கும். அதை எத்தனை பட்டன் போட்டு அடைச்சீங்க?"

"ஆறு."

"ஆறு பட்டன்! மூக்கையும் வாயையும் பொத்திட்டு ஓடு ஓடுன்னா எவன்யா ஓடுவான்? நீங்க என்ன தொழில்?"

டைலர் சொன்னான். காயில்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். "அதான் பாத்தேன். வேற எவனும் இந்த வேலை பண்ணியிருக்க மாட்டான். காயிலை மறுபடி கட்டி சனிக்கிழமை நானே எடுத்துட்டு வர்றேன். பேரிங்கும் தேஞ்சிருக்கு, சேர்த்து மாத்திடறேன்."

"அதுக்கு முன்னாடி முடியாதா?"

"முன்னாடி வேணும்னா பட்டனைக் கொஞ்சம் கம்மியா வச்சிருக்கணும்."

அந்த இரண்டு நாளும் கையால்தான் இறைத்தார்கள். துருப்பிடித்த ராட்டினத்தை அண்ணன் எங்கிருந்தோ தேடி எடுத்து மாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். டைலர் காலையில் இறைத்தான், சாயங்காலம் இறைத்தான். நடுவில் கடைக்கு ஆள் வந்துவிடும். மற்ற நேரமெல்லாம் அண்ணி. வாளி இறங்கும், ஏறும், கீழ்த் தொட்டியில் கவிழும். ராட்டினம் கீச்சிடும். மாடித் தொட்டி காய்ந்துவிட்டதால் மிஷின்கள் இரண்டும் சும்மா நின்றன. அண்ணி துவைகல்லில் அடித்தாள். யாரோடும் பேசவில்லை. அவள் பேசாத வீடு டைலருக்குப் பழக்கமில்லை. ஊசியில் நூல் கோக்கவே நாலு தரம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பின்னறைக் கதவு திறந்தது. நர்ஸ் நேராகக் கிணற்றடிக்குப் போனாள். டைலர் பின்னாலேயே போனான்.

"குடுங்கக்கா கயித்தை."

"வேணாம். உன் தூக்கத்தைக் கெடுத்தேன்னு அதையும் நான் கேக்கணுமா?"

"தூங்கித்தான் எழுந்தேன். குடுங்க."

"நீ ஊசி பிடிக்கற கை. கயித்தைப் பிடிச்சா என்னத்துக்கு ஆகும்?"

நர்ஸ் கயிற்றைப் பிடுங்கவில்லை. அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்தாள். உள்ளங்கையைத் திருப்பினாள். கொப்புளங்கள் உடைந்து தோல் உரிந்து கிடந்தது. சோப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு ஓரமெல்லாம் வெளுத்திருந்தது.

"இதோடயா அடிச்சீங்க?"

"வேற எதோட அடிக்கறது? இருக்கறது ரெண்டு கை."

"உக்காருங்க."

"துணி கிடக்கு."

"உக்காருங்கக்கா." அது ஆஸ்பத்திரிக் குரல். அண்ணி துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

நர்ஸ் உள்ளே போய் மருந்துப் பெட்டியோடு வந்தாள். நல்ல தண்ணீரில் கழுவினாள். பஞ்சால் ஒற்றினாள். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள். வலது கையைக் கட்டி முடித்து இடது கையை எடுத்தபோது நர்ஸ் தலை நிமிராமல் பேச ஆரம்பித்தாள். பதினோராம் கட்டில், பன்னிரண்டாம் கட்டில், ஊசி, அட்டை. ஒன்றும் விடவில்லை. டைலர் ராட்டினக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க?"

"நல்லாகி வீட்டுக்குப் போயிடுச்சு. போகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீங்க நல்லா இருக்கணும்னு சொல்லிட்டுப் போச்சுக்கா. இந்தக் கையைத்தான் பிடிச்சுது."

அண்ணி கட்டுப் போட்ட கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சொன்னா, கண்ணு தெரியாத நர்ஸ்னு நாலு பேர்கிட்டச் சொல்லிடுவீங்களோன்னு."

"சொல்லியிருப்பேன்," என்றாள் அண்ணி. "ரெண்டு பேர்கிட்டயாவது சொல்லியிருப்பேன். பொய் எதுக்கு?" பிறகு டைலர் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன நட்டு வச்ச மாதிரி நிக்கறீங்க? வாளியை விடுங்க உள்ள."

சனிக்கிழமை மூன்று மணிக்குக் காயில்காரர் மோட்டாரோடு வந்தார். மேடையில் இருந்த டயர்த் துண்டுகளை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ரப்பர் வச்சது நல்ல காரியம். அப்புறம் எதுக்கு இந்த முடுக்கு முடுக்கினீங்க? ரப்பர்னா அமுங்கி எந்திரிக்கணும். நீங்க அதைக் கல்லாக்கிட்டீங்க. அதிர்வெல்லாம் போல்ட் வழியா மேடைக்கு இறங்கிடுச்சு."

"தளர்வா விட்டா ஆடாதா?"

"ஆடட்டும். நீங்க இடுப்புப் பட்டி தைக்கறப்போ மூச்சு விட இடம் விடுவீங்களா, மாட்டீங்களா?"

டைலருக்கு அது புரிந்தது. போல்ட்டுக்கும் இரும்புக்கும் நடுவிலும் ரப்பர் வளையம் வெட்டிப் போட்டார்கள். பதமாக முடுக்கினார்கள். அண்ணி சுவிட்சைப் போட்டாள். காயில்காரர் ஒரு நீண்ட திருப்புளியின் நுனியை மோட்டார்மேல் வைத்து, பிடியைக் காதில் பொருத்திக்கொண்டார்.

"தங்கமா ஓடுது. இதுக்குமேல இதுல ஒண்ணும் இல்ல."

கிணற்றடியில் சத்தம் பாதிதான் இருந்தது. டைலர் பின்னறைக்கு ஓடினான். கட்டிலில் அவன் மனைவி தலையணையில் காதை வைத்துப் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது.

"இருக்கு," என்றாள்.

அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். நாளை ஞாயிறு. நாளை மறுநாள் பட்டியல்.

அவள் எழுந்து கைப்பையைத் திறந்தாள். ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு சுவரோடு நின்றாள். ஓரிடத்தில் வைத்தாள், எடுத்தாள், ஒரு சாண் தள்ளி வைத்தாள். நோயாளியின் முதுகில் கேட்பதுபோல ஒவ்வோரிடத்திலும் நின்று கேட்டாள். ஜன்னல் வழியாகக் காயில்காரரும் அண்ணியும் எட்டிப் பார்த்தார்கள்.

"மூச்சை நல்லா இழுத்து விடச் சொல்லும்மா," என்றார் காயில்காரர்.

"சும்மா இருங்க." அவள் ஸ்டூல் போட்டு ஏறினாள். தலைக்குமேல் ஓரிடத்தில் வைத்ததும் முகம் சுளித்தது. "இங்கதான். மத்த இடத்துல முணுமுணுங்குது, இங்க கத்துது. கீழயும் ஒரு இடம் இருக்கு. என் தலைமாட்டுக்கு நேரா."

காயில்காரர் வெளியே அதே இடத்தைப் பார்த்தார். குழாயைச் சுவரோடு பிடித்திருந்த இரும்புக் கொக்கி ஒன்று அங்கே இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. குழாயைக் கையால் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"மோட்டாரு குழாயை உலுக்குது. குழாயு சுவத்தை உலுக்குது. சுவரு உங்க கட்டிலை உலுக்குது. நான் பெரிய மேதாவியாட்டம் மோட்டார்லயே காதை வச்சுக்கிட்டு நிக்கறேன்."

மாலைவரை வேலை நடந்தது. கொக்கிகளைப் பிடுங்கினார்கள். மோட்டாருக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு முழம் கனத்த ரப்பர்க் குழாய் போட்டார்கள். பழைய உத்திரக்கட்டை ஒன்றைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நட்டு, குழாயை அதோடு சேர்த்து ட்யூப் பட்டையால் கட்டினார்கள். மாடிக் கைப்பிடிச் சுவரைக் குழாய் தொடுகிற இடத்தில் டைலரிடம் மிச்சமிருந்த கம்பளிப் பட்டையைச் சுற்றினார்கள். அண்ணி மோட்டாரைப் போட்டாள். நர்ஸ் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். புருஷனின் கையைப் பிடித்துப் பக்கத்தில் வைத்தாள். சுவர் சும்மா இருந்தது.

அண்ணி சுவிட்சை அணைத்தாள்.

டம் என்று ஒரு அடி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நர்ஸ் திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டாள்.

"இது என்ன புதுசா?" என்றான் டைலர்.

"புதுசு இல்ல. இவ்வளவு நாள் அந்த இரைச்சல்ல நீங்க கவனிக்கல," என்றார் காயில்காரர். "மேல ஏறின தண்ணி மொத்தமும் நின்ன உடனே திரும்பி இறங்குது. கீழ இருக்கற வால்வு அறைஞ்சு மூடிக்குது. அதான் அடி." மோட்டாருக்கு மேலே இருந்த இரும்புத் திருகைக் காட்டினார். "நிறுத்தறதுக்கு முன்னாடி இதை மூடணும். படக்குனு மூடக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா. பன்னண்டு சுத்து. அதுக்கப்புறம் சுவிட்சு. அடி இருக்காது."

அண்ணி திருகைப் பிடித்துப் பார்த்தாள். இறுகிக் கிடந்தது. கட்டுப் போட்ட கை வலித்து இழுத்துக்கொண்டது.

"தினம் இதைச் சுத்திக்கிட்டு நான் இங்க உக்காந்திருக்கவா? ரெண்டு மிஷினும் ஓடிக்கிட்டிருக்கும். வண்டி வந்து ஹார்ன் அடிக்கும். தொட்டி வழிஞ்சா மாடி பூரா தண்ணி."

"நான் வந்து மூடறேன் அண்ணி."

"நீங்களா? தொட்டி நிறையற நேரம் உங்களுக்கு என்ன தெரியும்? போங்க, போய் வேலையைப் பாருங்க." விரிப்புக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "பாக்கலாம்."

பாக்கலாம் என்றால் அண்ணி அகராதியில் என்ன அர்த்தம் என்று டைலருக்குப் பிடிபட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் எட்டரைக்கு வந்தாள். குளித்தாள், ரொட்டி தின்றாள், படுத்தாள். "எழுப்பாதீங்க, தானா எழுந்தா எழுந்துக்கறேன்," என்றாள். அவன் கடைக் கதவைப் பாதி சாத்தி வைத்தான். சட்டைக்குக் கைவேலையாகப் பட்டன் தைக்க உட்கார்ந்தான். ஒரே பட்டனை இரண்டு தரம் பிரித்துத் தைத்தான்.

பதினொன்று ஆயிற்று. மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்று தெரியவில்லை. ஜன்னலருகே போய்க் காதைக் கொடுத்தால் தூரத்தில் ஒரு வண்டு. வந்து உட்கார்ந்தான். எழுந்து பின்னறைக் கதவில் காதை வைத்தான். ஒன்றும் கேட்கவில்லை. தூங்குகிறாளா, அவனுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாளா? திறந்து பார்க்கலாம். கதவுக் கீல் கத்தும்.

பதினொன்று இருபது. பதினொன்று முப்பத்தைந்து. இப்போது அவன் அந்த ஒரு அடிக்காகத்தான் காத்திருந்தான். வரப்போகிறது, இதோ வரப்போகிறது என்று தோள் இரண்டும் காதுவரை ஏறி நின்றன. தூக்கத்தில் அந்த அடி விழுந்தால் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு எது செய்தும் பயனில்லை. பதினொன்று நாற்பதுக்குத் தெருவில் அண்ணனின் வண்டி வந்து நின்றது. ஹார்ன் ஒருதரம் அடித்தது. பின்கட்டிலிருந்து யாரும் வரவில்லை. டைலர் தெருவுக்கு ஓடி வாயில் விரலை வைத்துக் காட்டினான். அண்ணன் ஒன்றும் புரியாமல் ஹார்னிலிருந்து கையை எடுத்தான்.

அதற்குமேல் அவனால் முடியவில்லை. பக்கவாட்டுச் சந்து வழியாகச் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்கட்டுக்குப் போனான்.

அண்ணி மோட்டார் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தாள். திருகின்மேல் ஈரத் துண்டைச் சுற்றி, கட்டுப் போட்ட இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். நெற்றியில் வேர்வை. பின்னால் ஒரு மிஷின் ஓட்டம் முடிந்து விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏழு," என்றாள் தனக்குள். மூச்சு விட்டாள். "எட்டு."

அவன் உதவ முன்னால் போனான். அவள் முழங்கையால் தள்ளிவிட்டாள்.

"எண்ணிக்கையைக் கெடுக்காதீங்க. ஒம்பது."

பன்னிரண்டுக்கு வெகு நேரம் ஆயிற்று. கையை உதறிக்கொண்டு எழுந்து சுவிட்சைத் தொட்டாள். அணைத்தாள். மோட்டார் சுழன்று, தளர்ந்து, நின்றது. இருவரும் நின்ற இடத்தில் நின்றார்கள். அடி வரவில்லை.

அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து வந்தது. முதலில் ஒரு நீண்ட இழுப்பு, பிறகு ஒரு கரகரப்பு, கடைசியில் உதடு படபடக்கும் ஒரு விடுப்பு. நல்ல கனமான குறட்டை.

டைலரின் தோள்கள் காதிலிருந்து இறங்கின. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டான். அண்ணி காதைத் தீட்டிக் கேட்டாள். இன்னொன்று வந்தது, முந்தியதைவிடப் பெரிதாக.

"மோட்டாரை நிறுத்தியாச்சு," என்றாள் மிக மெல்லிய குரலில். "இதுக்குத் திருகு எங்க இருக்கு கொழுந்தனாரே?"

அவன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அவள் சிரிக்க நிற்கவில்லை. மிஷினைத் திறந்து முறுக்கிக் கிடந்த விரிப்புகளைக் கூடையில் அள்ளினாள். கொடியடிக்குப் போனாள். ஈர விரிப்பை எடுத்தால் சாட்டை போடுவதுபோல ஓர் உதறு உதறித்தான் காயப் போடுவாள். அந்தச் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும். இன்று உதறவில்லை. ஒவ்வொன்றையும் முனை தேடிப் பிரித்து, கையால் நீவிச் சுருக்கம் எடுத்து, கொடியில் மெல்லப் படர விட்டாள்.